வேற நாடு குடுங்க மேடம்

பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்திய அந்தப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் வீட்டோ மேடம். ஐ.நா.வில் வல்லரசுகள் தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ போல, எதைக் கேட்டாலும் முதல் பதில் "முடியாது" என்பதுதான். ஆனாலும் பிள்ளைகள் அவரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கட்டுரையை வரிவரியாகத் திருத்தித் தருவார். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களை வீட்டுக்கே வரச்சொல்லிக் கேள்வியால் துளைத்தெடுப்பார்.

வருடம் ஒருமுறை வகுப்பில் மாதிரி ஐ.நா. பாதுகாப்புச் சபை நடத்துவார். ஆளுக்கொரு நாட்டின் சார்பில் பேச வேண்டும். யாருக்கு எந்த நாட்டைக் கண்டால் ஆகாதோ, அதைத்தான் அந்த மாணவர் தலையில் கட்டுவார்.

அந்த வருடம் முதுகலையில் ஒரு பெண். சிறுவயதில் போருக்குத் தப்பி, சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் ஊர்மேல் குண்டு போட்ட நாட்டையே மேடம் அவளுக்குக் கொடுத்தார். தெரிந்தேதான் கொடுத்தார்.

ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். "வேற நாடு குடுங்க மேடம். எதுன்னாலும் பரவாயில்ல."

"முடியாது. எதிராளியோட நியாயத்தப் பேசத் தெரிஞ்சாத்தாம்மா இந்தப் பாடம் ஏறும்."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

சபையில் அந்தக் குண்டுவீச்சுதான் விவாதப் பொருள். அவள் குரல் பிசிறவே இல்லை. "அந்த ஊரில் பொதுமக்கள் யாரும் இருக்கவில்லை" என்றாள். ஆயுதம் பதுக்கிய இடம் என்றாள். எதிர்த்துப் பேச வந்தவர்கள் குறிப்புகளை மூடி வைத்தார்கள். முதலில் கைதட்டியவர் மேடம்தான். சத்தம் ஓயும் முன்பே அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கொஞ்ச நாளில், வணிகவியலுக்கு மாறிவிட்டாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. குடுத்தா என்ன குறைஞ்சிடும்?"



மறுநாள் மேடம் அவள் சித்தப்பாவின் தையல் கடையைத் தேடிப் போனார். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நாற்காலி போட்டாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா. திரும்பி வந்துடு."

"உங்க மேல கோபம் இல்ல மேடம். அங்க நின்னு பேசினப்போ, நான் சொன்னது எனக்கே நிஜம் மாதிரி இருந்துச்சு. எங்கம்மா அந்த ஊர்லதான் செத்தாங்க. அந்தப் பாடமே வேண்டாம்னு ஆயிடுச்சு."

சித்தப்பா மெஷினை நிறுத்தினார். "விடுங்கம்மா. அவ முடிவு பண்ணா பண்ணதுதான்."

அடுத்த வருடத்திலிருந்து மாணவர்களே தங்களுக்குப் பிடித்த நாட்டை எடுத்துக்கொண்டார்கள். விவாதம் சப்பென்று போனது.  அந்தப் பெண் ஏதோ கம்பெனியில் கணக்கு பார்ப்பதாகக் கேள்வி. தனக்குப் பிறகு அந்தத் துறையில் நிற்க இவள்தான் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்த மேடம், அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.