முனியப்பா நடத்திய சோப்புத் தேர்வு

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வீடு வீடாகச் சென்று பெயர் சேர்க்கும் ஆசிரியர்மீது நாய்கள் காட்டும் அக்கறையைக் குடிமக்கள் காட்டுவதில்லை. இப்பணியில் என்னோடு அல்லலுறும் ஆசிரியப் பெருமக்களே, நீங்களே சாட்சி.

ஒரு வரலாற்றுச் சொற்பொழிவு

மத்திகிரியில், பல குடும்பங்கள் வரிசையாக வாடகைக்கு வாழும் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கும் ஷகிலா, கம்பெனி வேலைக்குப் போகிறவர். தேன்கனிக்கோட்டையிலிருந்து குடிபெயர்ந்ததில் அங்கே பெயர் நீங்கிவிட்டது, இங்கே சேரவில்லை. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்றார். நான் விடுவேனா? அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஓட்டுரிமை கேட்டு வந்த கறுப்பின மக்களிடம், ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழி என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய அதிகாரிகள் இருந்தார்கள். அடிபட்டும் சிறைப்பட்டும் அம்மக்கள் மீண்டும் மீண்டும் வந்து நின்று அவ்வுரிமையைச் சட்டமாக்கினார்கள் என்று உருக்கமாக எடுத்துரைத்தேன். ஷகிலா நெடுநேரம் சிந்தித்தார்.

“அது துணி சோப்பா, குளிக்கிற சோப்பா சார்?”

குழாயடியில் நுரை

அடுத்த ஞாயிறன்று சென்றால் குழாயடி முழுவதும் நுரை. பெயர் சேர்க்கத் தேர்வு உண்டு என்று லைன் வீடு முழுக்கப் பரவியிருந்தது. இங்கே தேர்வு கிடையாது, பதினெட்டு வயதும் முகவரிச் சான்றும் போதும், ஆனால் நாளையே கடைசி நாள் என்று தொண்டை வற்ற விளக்கினேன். ஷகிலாவின் முகம் வாடியது.

“பக்கெட் பக்கெட்டா கரைச்சுப் படிச்சோம் சார். பாடத்தை மாத்தறதுன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா?”

வீட்டுக்காரர் கற்ற பாடம்

முகவரிச் சான்றுக்கு வீட்டு உரிமையாளர் முனியப்பாவின் கரண்ட் பில் வேண்டும். ஓட்டைக் கொடுத்தால் நாளை வீட்டையே கேட்பார்கள் என்று அவர் மறுத்தார். ஓட்டுக்குப் பெயர் கொடுத்த கறுப்பின உழவர்களை நிலத்தைவிட்டு விரட்டிய நிலக்காரர்களும் அமெரிக்காவில் இருந்தார்கள், வரலாறு அவர்களைப் புகழவில்லை என்று அறிவுறுத்தினேன். சோப்புக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மனத்தில் சோப்பு மட்டுமே தங்கிற்று. குமிழி எத்தனை என்று சரியாகச் சொல்பவருக்கே பில் என்று வாசலில் நின்று அறிவித்துவிட்டார். என் நீதிக்கதை எதிரணியில் சேர்ந்துவிட்டது.

ஷகிலா ஒரு பக்கெட் நிறைய நுரையைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தார். “ஓனரண்ணா, விடை இதுல இருக்குது. நீங்களே எண்ணிச் சரிபாருங்க.”

முனியப்பா உண்மையாகவே குனிந்து எண்ணத் தொடங்கினார். லைன் வீடே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்து, சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்தார்.

“நாப்பது வரைக்கும் வந்தேன், சிரிச்சே மறக்கடிச்சுட்டியேம்மா. இந்தா, ஜெராக்ஸ் எடுத்துக்க.”

என் சொற்பொழிவு சாதிக்காததை ஒரு பக்கெட் நுரை சாதித்தது. ஆகவே அன்பர்களே, உங்களிடம் யாரும் சோப்பை நீட்டாத இன்றைக்கே பட்டியலைத் திறந்து உங்கள் பெயரைத் தேடுங்கள்.