கேலரி முன் கைகூப்பி நின்ற எங்கள் அப்பா

காளிகாட்டில் பிறந்து பாலிகஞ்சில் கண்மூடிய எங்கள் அப்பாவை, உறவினர் பலரும் வங்கி அதிகாரியாகவே அறிவீர்கள். வங்கிக்குப் போனது உடம்பு மட்டும். மனசு கால்பந்து மைதானத்தில்தான் கிடந்தது. அந்நாளில் குளிர்காலந்தோறும் இவ்வூரில் வெளிநாட்டு அணிகளை அழைத்து நட்புமுறைப் போட்டி நடத்துவார்கள். அப்பா விடுப்புப் போட்டுவிட்டு, விருந்தினர்களுக்குப் பேருந்து, சாப்பாடு, சட்டை என்று அலைவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஓர் அரையிறுதியில் இரு அணிகளும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றன. விருந்தினர்களிடம் மாற்றுச் சட்டை இல்லை. அப்பா ஓடிப்போய், உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் கூடாரத்திலிருந்து ஜெர்சிகளை இரவல் வாங்கிவந்தார். சிறு வயது முதல் அவர் உயிராய் நேசித்த சங்கம். அந்த நிறம் அவர் கண்ணை உறுத்தவேயில்லை. அதன் எதிர்ச் சங்கத்து ரசிகர்கள் நிறைந்த கேலரியை உறுத்தியது. முதலில் கூச்சல், அப்புறம் செருப்பு, அப்புறம் செங்கல் துண்டு. இடைவேளையில் விருந்தினர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். இனி ஆட மாட்டோம் என்றார் அவர்களுடைய கேப்டன். ஆட்டம் நின்றால் கேலரி மைதானத்தில் இறங்கிவிடும். அந்தப் பையன்கள் பேருந்துவரைகூடப் போய்ச்சேர மாட்டார்கள்.

அம்மாவும் நானும் இருந்த இடத்துக்கு அப்பா வந்தார். சட்டைக்கு மேல் அதே ஜெர்சி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்.

“ஏன்னா, பைத்தியமா உங்களுக்கு? போலீஸ் எதுக்கு இருக்கு?”

“ஜெர்சியைக் கொண்டுவந்தது நான்தானே, போலீஸா?”

தனியாக நடந்துபோய்க் கேலரி முன் கைகூப்பி நின்றார். “தோஷ் ஆமார், தாதா! ஓரா அதிதி!” குற்றம் என்னுடையது, அண்ணா, அவர்கள் விருந்தாளிகள் என்று வங்காளியில் தொண்டை கிழியக் கத்தினார். ஒரு செங்கல் துண்டு வந்து புருவத்தைப் பிளந்தது. அடப்பாவிகளா! அப்பா கூப்பிய கையை இறக்கவில்லை. ரத்தம் கண்ணில் வழிய, மறுபடியும் அதையே சொன்னார். கேலரியில் இருந்தவர்களே எறிந்தவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். சத்தம் மெல்ல அடங்கியது. கேப்டன்தான் முதலில் வெளியே வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு ஒரு குளிர்காலம் போட்டி நடக்கவில்லை. அடுத்த குளிர்காலமும் இல்லை. முடிந்துவிட்டது என்று யாரும் அறிவிக்கக்கூட இல்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும், “இந்த வருஷம் டீம் எப்போ வரது?” என்றுதான் கேட்டார்.

லிஃப்ட் ஓடாத நாளில் அப்பாவை மாடியிலிருந்து தூக்கிவந்த தெருப் பிள்ளைகளுக்கும், கேட்காமலே எங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய எதிர் ஃப்ளாட் அண்ணி, எங்கள் பௌதிக்கும் எங்கள் நன்றி.

அன்று கல்லெறிந்தவரே, இந்த நினைவு மலர் உங்கள் கைக்கும் வரலாம். அப்பா உங்களை ஒருநாளும் திட்டியதில்லை. “அவனும் ஃபுட்பால் பைத்தியம்தானே” என்பார். கடைசியாக அவரைக் குளிப்பாட்டியபோது அந்தத் தழும்பைத் தொட்டேன். அவர் உங்களை மன்னித்துவிட்டார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.