மனு எழுதிய சிவகாமி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை சிவகாமி அக்காவின் தங்கை மல்லிகா போனில் சொன்னது ஒரே வரி: "அக்கா போயிட்டாக." காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். எவ்வளவோ வேலை கிடக்கிறது, அதற்குள் இவருக்கு என்ன அவசரம்?

சிறப்புக் குழந்தைகளின் பெற்றோரான உங்களுக்குச் சிவகாமி அக்காவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டவுன் சிண்ட்ரோம் உள்ள முத்துவின் அம்மா. நம் பிள்ளைகளின் அடையாள அட்டைக்கோ உதவித்தொகைக்கோ அவர் அடித்துக் கொடுத்த மனு ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கும்.

ஆட்டிசம் உள்ள என் மகள் செல்வியைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். தலைமையாசிரியர் கனிவாகத்தான் பேசினார்: "மத்தப் பிள்ளைக படிப்பு கெட்டுப்போகும்மா." நான் எழுந்துவிட்டேன். வேறு வேலையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "முடியாதுங்கிறத எழுதிக் குடுங்க சார். கையெழுத்தும் சீலும் வேணும்." தலைமையாசிரியர் எழுதித் தரவில்லை; சேர்த்துக்கொண்டார். செல்வி அங்கே பத்தாம் வகுப்பு வரை படித்தாள்.

அக்காவின் சொந்தச் சண்டை இதைவிடப் பெரிது. கணவர் இறந்த வருடமே கொழுந்தனார் வந்தார். "வீட்ட என் பேருக்கு எழுதிருங்க மதினி. உங்களுக்கப்புறம் முத்துவ நான் பாத்துக்கிறேன்."

"வீடு இல்லாட்டி பாக்க மாட்டீகளா?" என்று கேட்டார் அக்கா.

முத்து ஆயுள் முழுக்கக் குடியிருக்கவும், அவனுக்குப் பின் வீடு நம் பிள்ளைகளின் பகல்நேர மையத்துக்குப் போகவும் உயில் எழுதிப் பதிவு செய்தார். தங்கை மல்லிகாவைச் சட்டப்படியான கார்டியனாக நியமிக்கச் சொல்லி மனுவும் போட்டார். கொழுந்தனார் ஆட்சேபித்தார். சிவகங்கை கலெக்டர் ஆபீசில் விசாரணை. நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"இவருக்கு என்னம்மா தெரியும்?" என்றார் ஓர் அதிகாரி.

"அவனையே கேளுங்க சார். முப்பது வயசு ஆளு."

கேட்டார்கள். முத்து நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "மல்லிகா சித்தி. சித்தப்பா என்னைய ரூம்ல வச்சுப் பூட்டும்."

அக்காவுக்கே அது அன்றுதான் தெரியும். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. உத்தரவு மல்லிகா பெயருக்கு வந்தது.

சாவு வீட்டிலும் விடவில்லை. "அவனுக்கு என்ன தெரியும்? கொள்ளிய வேற ஆளு வைக்கட்டும்" என்று கொழுந்தனார் ஆரம்பித்தார். மல்லிகா ஒரு தாளை எடுத்து உரக்க வாசித்தாள். அக்கா அடித்து வைத்த தாள்தான்: "என் மகன் முத்துதான் கொள்ளி வைக்க வேண்டும். அவனுக்கு நேரமாகும். காத்திருங்கள்."

காத்திருந்தோம். மயானத்தில் முத்து அழுதான், தரையில் உட்கார்ந்தான், போக மாட்டேன் என்றான். அரை மணி நேரம் கழித்துத் தானாக எழுந்து போய் வைத்தான்.

செல்விக்கு இப்போது இருபது வயது. பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே அவளுக்கான கார்டியன் மனுவோடு சிவகங்கை போனேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். "இன்னைக்கே மனுவுக்கு நம்பர் போட்டுக் குடுங்க, நிக்கிறேன்" என்றேன். நாலு மணிக்கு நம்பர் கிடைத்தது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம். அதை யாருக்காகவும் விடுவதாக இல்லை.