வீட்டார் கைவண்ணம்

பள்ளி விட்டுப் பிள்ளைகளின் சத்தம் கேற்றைத் தாண்டுவதற்குள் பிறிஜெற் டீச்சர் செருப்பைக் கழற்றிவிடுவார். மின்விசிறியை நிறுத்தி, பிள்ளைகளின் அன்றைய வேலைத் தாள்கள் முப்பத்தாறையும் வகுப்பறைத் தரையில் பரப்பி, இடையிடையே கால் வைத்து, தன் நிழல் விழாதபடி குனிந்து குனிந்து டெப் கணினியில் படம் எடுப்பார். இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்று பக்கத்து வகுப்பு ரூபிகா டீச்சர் ஒருமுறை கேட்டுவிட்டார்.

"இடுப்புப் போனா பிளாஸ்டர் ஒட்டலாம். தாள் நனைஞ்சா என்னத்தை ஒட்டுறது?"

பிறிஜெற் டீச்சர் திருப்பிக் கேட்டதில் நியாயம் இருந்தது. போன வருட மழையில் கூரை ஒழுகி, அலுமாரியில் இருந்த பிள்ளைகளின் கோவைகள் எல்லாம் கூழாகிவிட்டன. அந்தக் கிழமையே குறிப்பெடுக்கும் ஆப் ஒன்றைத் தானாகப் பழகிக்கொண்டார். இப்போது கொட்டாஞ்சேனைப் பள்ளியின் இந்த மூன்றாம் ஆண்டு வகுப்பில் பிள்ளைக்கொரு நோட்புக் அந்த ஆப்பில் இருக்கிறது. தமிழுக்கு ஒரு பகுதி, கணிதத்துக்கு ஒன்று, சுற்றாடலுக்கு ஒன்று, சித்திரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். போட்ட பக்கத்தை அவர் அழிப்பதில்லை. தை மாதத்துக் கோணல் எழுத்தை எடுத்துவிடச் சொன்ன ஒரு தகப்பனுக்கு, "அதுவும் உங்கட பிள்ளைதான்," என்று சொல்லி அனுப்பினார்.

தாளில் பெயர் எழுதவும் விடமாட்டார். ஹரிசன் அழுத்துகிற அழுத்தில் தாள் ஓட்டையாகும், சாம்பவியின் எழுத்துகள் இடப்பக்கம் சாயும். முப்பத்தாறு கையும் அவருக்கு அத்துப்படி. பெயர் எதற்கு?

தாய்மாரின் கைகளும் அத்துப்படி என்பதுதான் வில்லங்கம். வீட்டுவேலை என்று கொடுத்தால் பாதிப் படங்கள் அம்மா கீறியதாகத்தான் வரும். அவற்றுக்கென்றே ஒவ்வொரு நோட்புக்கின் கடைசியிலும் 'வீட்டார் கைவண்ணம்' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார். பெற்றோர் நாளில் சபை நடுவே அதைத் திறந்து காட்டுவார். "அம்மா நல்ல வடிவாக் கீறியிருக்கிறா. இனிப் பிள்ளையையும் கொஞ்சம் கீற விடுங்கோ." தாய்மார் முகம் சிவந்து சிரிப்பார்கள். டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஆனி மாதம் 'எங்கள் தெரு' என்று படம் கீறி வரச் சொன்னார். அஹ்ஸன் கொண்டுவந்த தாளில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பெட்டிகள் நெருங்கி நின்றன, ஓட்டோக்கள். நடுவே கறுப்பாக ஒரு வட்டம், குடை. தெருவை மேலேயிருந்து பார்த்துக் கீறிய படம். டீச்சர் அரை நிமிடம் பார்த்தார்.

"பிள்ளையள் ஓட்டோவைப் பக்கத்தாலதான் கீறுவினம். அவையளுக்கு உருளுற சில்லுத் தெரியவேணும். இது பெரிய ஆள் வேலை," என்று ரூபிகா டீச்சரிடம் தீர்ப்புச் சொல்லி, படத்தைக் கடைசிப் பகுதியில் போட்டார். பெற்றோர் நாளிலும் காட்டினார். அஹ்ஸனின் உம்மா ருஷ்தா திகைத்துப்போய், மற்றவர்களோடு சேர்ந்து தானும் சிரித்து வைத்தார். அவர் பக்கத்தில் அஹ்ஸன் இருந்தான்.

அடுத்த சித்திரப் பாடத்தில் அவன் வெறுந்தாள் கொடுத்தான். அதற்கடுத்த கிழமையும் வெறுந்தாள். டீச்சர் அவற்றையும் ஒழுங்காகப் படம் எடுத்து வைத்தார். மூன்றாம் கிழமை, பள்ளி விட்ட பிறகு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ருஷ்தா வந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் படத்துல நான் கையே வெக்கல்ல. எனக்கு ஒரு பூனை கூடக் கீறத் தெரியாது. இவன் இப்ப வீட்டுலயும் பென்சிலத் தொடுறானில்ல."

டீச்சருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "அப்ப ஓட்டோவுக்கு ஏன் மகன் சில்லு இல்லை?" என்று அஹ்ஸனைப் பார்த்துக் கேட்டார்.

அஹ்ஸன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எங்கட ஜன்னலால பாத்தா சில்லு தெரியாது டீச்சர். கூர மட்டும்தான்."

"மாளிகாவத்த ப்ளட்," என்றார் ருஷ்தா. "நாங்க ஏழாம் மாடி."

பிறிஜெற் டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து கொட்டாஞ்சேனையில் வாசற்படி தெருவில் முட்டுகிற வீட்டில் இருப்பவர். ஏழாம் மாடியிலிருந்து ஒரு தெருவை அவர் பார்த்ததே இல்லை. அதைக்கூட மன்னிக்கலாம். அந்தப் பிள்ளையிடம் அன்றே ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதுதான் நெஞ்சில் குத்தியது.

"வேணுண்டா இப்பவே கீறிக் காட்டுவான். ஒரு கடதாசி தாங்க," என்று ருஷ்தா மேசையிலிருந்த பென்சிலை எடுத்து மகனின் கையில் திணித்தார். அவன் விரல்கள் அதைப் பிடிக்காமல் பிடித்தன.

டீச்சர் பென்சிலை மெதுவாக வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். "வேண்டாம். அவர் ஒண்டும் காட்டத் தேவையில்லை. பிழை விட்டது நான்."

போனை எடுத்தார். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில், வகுப்பில் பேசுகிற அதே கணீர்க் குரலில் பதிந்தார். "அஹ்ஸன்ட தெருப் படம் அஹ்ஸன் தானாக் கீறினது. நான் விசாரிக்காமப் பிழையான இடத்தில வைச்சிட்டன். எல்லாருக்கும் முன்னால சொன்னனான், எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்." பரவாயில்லை என்று ருஷ்தா வாய் திறப்பதற்குள் அது போய்விட்டது.

பிறகு அஹ்ஸனின் நோட்புக்கைத் திறந்து டெப்பை அவன் முன்னால் வைத்தார். "பக்கத்தை விரலால அமத்திப் பிடிச்சு இழுங்கோ ராசா. எங்க வைக்கவேணுமெண்டு உங்களுக்குத் தெரியும்."

அவன் விரல் திரையில் பட்டதும், எதையும் மூன்று தரம் சரிபார்க்கிற பிறிஜெற் டீச்சர், கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.