கட்டாக்காலிப் பட்டி

பிரான்காச்சோ பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இடுப்பளவு கல்மதில். உள்ளே பழைய வாஷிங்மெஷின்கள் கிடக்கின்றன. என்ன இடம் என்று பக்கத்தில் நிற்கும் மன்னார்க்காரர் அந்தோனியிடம் கேட்கிறேன்.

“முந்தி கட்டாக்காலி மாடுகளை அடைச்ச பட்டி. பயிரை மேஞ்சால் பிடிச்சுப் பூட்டுவினமாம். சொந்தக்காரன் வந்து, என்ர மாடுதான் எண்டு சொன்னால்தான் விடுவினம். எங்கட சிஞ்ஞோரா சொன்னவ.”

“ஒருத்தரும் வராவிட்டால்?”

“வித்துப்போடுவினம்.”

சிஞ்ஞோரா என்று அவர் சொல்லும் முதலாளியம்மாவின் வீட்டில்தான் அவருக்குப் பதினொரு வருடமாக வேலை. இந்த நாட்டு வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, ‘இவர் என்னிடம் வேலை செய்பவர்’ என்று அந்த அம்மா இன்று அவரோடு அலுவலகத்துக்கு வந்து சொல்ல வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறார்.

அந்த அம்மாவின் ஊரான பகேரியாவிலிருந்து பஸ் வருகிறது. நான்கு பேர் இறங்குகிறார்கள். அந்தோனி ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறார். பஸ் போய்விடுகிறது.

“அடுத்ததிலை வருவா,” என்கிறார்.