முறம் தொங்கும் கடை மாதப்பன்

மாதப்பன் போய்விட்டான். இன்று காலை, கடை திறப்பதற்கு முன்பே... நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைசூரில் எங்கள் மார்க்கெட் சந்தில் கயிறு, கூடை, முறம், விளக்குமாறு விற்றவன். ஊர் ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி. நான் அதே சந்தில் மூட்டை இறக்கியவன்.

போனில் ஒரு விரலால் அடிக்கிறேன், மெதுவாகத்தான் வரும். போன வருஷம் வரை எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. மருமகள் தமிழ் கற்றுக்கொடுத்தாள். இப்போது நானே எழுதுகிறேன் பாருங்கள்! சாவுச் செய்தி எழுதும்போதுகூட இந்தச் சந்தோஷம் அடங்க மாட்டேன் என்கிறது. மாதப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எழுத்துத் தெரியாத காலத்தில் கடையின் முகம்தான் எனக்கு அடையாளம். வாளி தொங்கினால் பாத்திரக் கடை. முறம் தொங்கினால் மாதப்பன்.

அதற்குத்தான் வேட்டு வைத்தது கடைமுகப்பு அழகுத் திட்டம். தசரா பார்க்க வருகிறவர்களுக்குச் சந்து அழகாகத் தெரிய வேண்டுமாம். அதற்கு மானியமாம். எல்லாக் கடைக்கும் ஒரே க்ரீம் கலர், ஒரே மாதிரி போர்டு. வெளியே ஒரு சாமான் தொங்கக் கூடாது.

முறம் விற்கிறவன் முறத்தை வெளியே காட்டக் கூடாது... இதைக் கண்டுபிடிக்க ஏசி ரூமில் எத்தனை மீட்டிங் போட்டார்களோ!

"உனக்கெதுக்கப்பா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"ஷட்டர் துருப்புடிச்சுக் கெடக்குது. ஓசில மாத்தித் தரேங்கறாங்க. நீயா மாத்தித் தருவே?" என்றான்.

புது ஷட்டர் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். கடைக்காரர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவர்களே போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மாதப்பனிடம் கேட்டேன்.

"மேல திட்டத்தோட பேரு. நடுவால, தெறந்து வெச்சவங்க பேரு."

"உன் பேரு?"

"அதா, மூலையில எறும்பு ஊருதே... அதுதான்."

கொஞ்ச நாளில் நானே ஒரு கட்டு கயிற்றைக் கொண்டுபோய் மொபைல் கவர் விற்கிற கடையில் இறக்கிவிட்டேன். எல்லாம் ஒரே க்ரீம், எனக்கு எப்படித் தெரியும்? "யாரைக் கட்டிப்போட தாத்தா இவ்ளோ கயிறு?" என்று கேட்டான் அந்தக் கடைக்காரன்.

"திட்டம் போட்டவனை" என்றேன்.

தினமும் அந்தச் சந்தில் நடக்கிற எனக்கே இந்தக் கதி. ஹனூர்ப் பக்கமிருந்து எப்போதாவது வருகிற வாடிக்கை என்ன செய்யும்? கடையைத் தாண்டிப் போனார்கள். மாதப்பன் உள்ளே உட்கார்ந்து ஈ ஓட்டினான். கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றுகூடப் பேசினான்.

பிறகு ஒரு நாள் ஒரு முறத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "எழுதக் கத்துக்கிட்டியாமா? இதுல என் பேரை எழுது."

சிவப்பு பெயின்ட்டில் எழுதினேன். மாதப்பன் கடை. ஒரு காலைப் பொழுது முழுக்க ஆயிற்று. மகாராஜா அரண்மனையையே நான் கட்டியது போல இருந்தது எனக்கு!

தள்ளி வைத்துப் பார்த்தான். "குடிகாரனுங்க வரிசையில நிக்கறாப்பல இருக்குது. பரவால்ல, என் பேருதானே."

முறம் வாசலில் தொங்கியது. வாடிக்கை திரும்பி வந்தது. கூடவே, திட்டத்தின் என்ஜினியரும் வந்தார்.

"ஏன்ரீ இது? எல்லா ஒந்தே தர இர்பேகு!" என்று கன்னடத்தில் அதட்டினார். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். முறத்தை இறக்காவிட்டால் மானியத்தில் மீதி வராது என்றார்.

"சரிங்க சார். மீதியை நீங்களே வெச்சுக்கங்க, மொறத்தை நான் வெச்சுக்கறேன்" என்றான் மாதப்பன்.

என்ஜினியர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்... வேண்டாம் என்று சொல்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததே இல்லை போல.

இன்று அவன் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில் கிடக்கிறான். ஷட்டர் மூடியிருந்தது, முறம் உள்ளே. கௌதள்ளிச் சொந்தங்கள் பஸ் இறங்கி, சந்தில் மேலும் கீழும் நடந்துவிட்டு எனக்கு போன் போட்டார்கள். "எந்தக் கடைங்க? எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது!"

அழகுதான். சாவு வீட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாத அழகு. த்தூ!

ஷட்டரைத் தூக்கி, முறத்தை எடுத்து வாசலில் மாட்டினேன். மாதப்பனின் தங்கைதான் முதலில் வந்தாள். வந்ததும் சத்தம் போட்டாள். "சாவு ஊட்டு வாசல்ல மொறத்தை மாட்டுவாங்களா? கிறுக்கா உங்களுக்கு?"

"அது மொறமில்ல அம்மிணி. உங்கண்ணனோட போர்டு."

என் சாய்ந்த எழுத்துகளை நிமிர்ந்து பார்த்து, வாய்விட்டுப் படித்தாள். பிறகு உள்ளே போனாள்.

சாயங்காலம் எடுக்கிறோம். வருகிறவர்கள் போர்டு தேட வேண்டாம், முறத்தைப் பார்த்து வாருங்கள்.

நீ கிளம்பு மாதப்பா... என்ஜினியர் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.