கட்டி முடித்த கடனுக்கு ஆறு வருடம்

கடன் கேட்டு வருகிறவரை எழுந்து நின்று கைகுலுக்கி வரவேற்கிற நாடு இது. ரொறொன்ரோவுக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்கு அது பழகவில்லை. ஊரில் அப்பா நகை அடகு வைக்கப் போவதென்றால், சந்தைக்குப் போகிறவர்போலக் கையில் ஒரு பையைக் கொளுவிக்கொண்டுதான் போவார். வழியில் யாரும் எங்கே பயணம் என்று கேட்டால் மரக்கறி வாங்க என்பார். இங்கேயோ வங்கியில் மார்கரெட் என்ற அந்தப் பெண்மணி தன் அறை வாசல்வரை வந்து என் கையையும் மனைவி சாந்தியின் கையையும் பிடித்துக் குலுக்கினார். கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். மல்வேர்னில் ஒரு ரவுண்ஹவுஸ் வாங்குவதற்கு மோட்கேஜ் என்கிற வீட்டுக்கடன் கேட்டுப் போயிருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு அது. பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல்தரை. சாந்தி அதைப் பார்த்த நாளிலிருந்து எந்த அறையில் சாமிப்படம் வைப்பது என்றே கதைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கரெட் என்னுடைய கிறெடிட் றிப்போட்டை எடுத்துப் பார்த்தார். இந்த நாட்டில் நாம் வாங்கிய கடன், கட்டிய கடன் எல்லாவற்றையும் யாரோ எங்கோ இருந்து எழுதிவைக்கிறார்கள். அந்தக் குறிப்புத்தான் அது. பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு கலெக்‌ஷன் இருக்கிறது" என்றார். எங்கள் ஊரில் கலெக்‌ஷன் என்றால் பஸ்காரருக்கும் தியேட்டர்காரருக்கும் கிடைக்கிற அன்றாட வரவு. நல்ல கலெக்‌ஷன் என்றால் நல்ல நாள். நான் மகிழ்ச்சியோடு "தாங்க் யூ" என்றேன். மார்கரெட் றிப்போட்டை என் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக, கட்டாமல் விட்ட பில் ஒன்றை அறவிடுகிற கொம்பனிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குத்தான் இங்கே கலெக்‌ஷன் என்று பெயர் என்று விளங்கப்படுத்தினார். ஒரு பழைய ரெலிபோன் பில்.

"அது கட்டியாச்சே" என்றேன்.

"ஓம், கட்டியாச்சு என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் கட்டிய நாளிலிருந்து ஆறு வருடத்துக்கு இதில் இருக்கும்."

எங்கள் கையில் இருந்த முற்பணம் குறைவு. முற்பணம் குறைந்தவர்களுடைய றிப்போட்டில் இப்படி ஒரு வரி கிடந்தால் மேலிடத்தில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார். எழுந்து நின்று மறுபடியும் கைகுலுக்கினார். அந்தக் கைகுலுக்கலோடு வீடு கைவிட்டுப் போயிற்று.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றிய பிறகுதான் சாந்தி கேட்டாள்.

"ஆரின்ர போன் பில் அது? நான் வந்தாப் பிறகு ஒரு பில்கூட நீங்கள் பிந்திக் கட்டேல்லையே."

அவள் கனடாவுக்கு வந்தது தொண்ணூற்று நாலில். அந்த பில் அதற்கும் முந்தியது. அந்தக் காலத்தில் நானும் என் சிநேகிதன் யோகனும் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் இருந்தோம். தலையை நிமிர்த்தினால் மேலே ஓடுகிற தண்ணீர்க் குழாயில் முட்டும். எனக்கு முதலில் வேலை கிடைத்ததால் ரெலிபோனை என் பெயரில் எடுத்தோம். தொண்ணூறில் இலங்கையில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது யோகனின் தமையன் திருகோணமலைப் பக்கம் வாத்தியாராக இருந்தார். அவரிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. ஆள் காட்டுக்குள் ஓடிவிட்டார் என்று ஒருவர் சொன்னார், படகேறிவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார், வேறு ஒருவர் வேறு மாதிரியும் சொன்னார். யோகன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்துவிடுவான். கொழும்பு, வவுனியா, மெட்ராஸ், ராமேஸ்வரம். ஒரு நம்பரில் கிடைக்கிற ஆள் இன்னொரு நம்பரைக் கொடுப்பார். அதையும் அடிப்பான். அந்த நாளில் ஒரு நிமிடக் கதையின் விலைக்கு ஒரு நேரச் சாப்பாடு வாங்கலாம். நான் ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

கடைசியில் தமிழ்நாட்டு அகதி முகாமொன்றுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தேநீர்க்கடை நம்பர் கிடைத்தது. கடைக்காரர் முகாமுக்கு ஆள் அனுப்பித் தமையனைக் கூப்பிட்டார். அவர் வரும்வரை லைன் திறந்தபடி கிடந்தது. கிளாஸ் கழுவுகிற சத்தமும், யாரோ "ரெண்டு டீ" என்று கேட்கிற சத்தமும் ஸ்காபரோ பேஸ்மென்ருக்குள் வந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு குரல், "தம்பி, நான்தான்ரா" என்றது. யோகன் ரிசீவரை என் கையில் தந்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதான். அதனால் அவனுடைய அண்ணனோடு முதலில் கதைத்தவன் நான்.

சில வாரங்களில் வீட்டுக்காரர் வீட்டை விற்றார். நான் ஒரு அப்பார்ட்மென்ருக்குப் போனேன். யோகன் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலைக்குப் போனான். கடைசி பில் ஒருவரும் இல்லாத பழைய விலாசத்துக்குப் போய்க் கிடந்திருக்கிறது. நெடுநாள் கழித்து, சாந்தி வருவதற்குக் கொஞ்சம் முந்தி, அறவிடுகிற கொம்பனிக்காரன் என்னைத் தேடிப் பிடித்தான். கேள்விப்பட்ட யோகன் அடுத்த சம்பளத்தோடு வந்து முழுவதையும் தானே கட்டினான். அன்றைக்கு அந்தக் கதை முடிந்தது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

இதையெல்லாம் சாந்திக்குச் சொல்லி முடித்தேன். "அந்த அண்ணை இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"இந்தியாவிலதான். யோகன் இஞ்ச கூப்பிட அலுவல் பார்க்கிறான்."

"அப்ப கிடக்கட்டும்" என்றாள். "வீடு இன்னொண்டு பார்க்கலாம். ஆனா யோகனுக்கு இதைச் சொல்லாதேங்கோ. மனுசன் உடைஞ்சு போயிடும்."

நான் சொல்லவில்லை. வீடு காட்டிய தரகர்தான் ஒரு கலியாண வீட்டில் யோகனைக் கண்டு, உங்கள் சிநேகிதருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை யோகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கோட்டுப் போட்டு ரையும் கட்டிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினான்.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது? கட்டின காசுதானே."

"வெளிக்கிடு. பாங்குக்குப் போவம்."

மார்கரெட்டின் முன்னால் அவன் உட்காரவில்லை. நின்றபடியே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மேடம், போன் அடிச்சது நான். இவர் அடிக்கேல்லை. பேரை மாத்தி எழுதுங்கோ" என்றான். அவர் இவன் யார் என்று விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ரெலிபோன் என் பெயரில் இருந்ததால் கணக்கும் என் பெயரில்தான் நிற்கும் என்றார்.

"அப்ப அழியுங்கோ. காசு கட்டியாச்சுத்தானே?"

"பிழையான விசயம் என்றால் முறைப்பாடு செய்து அழிப்பிக்கலாம். இது உண்மை. அதனால் காலம் முடியும்வரை அழிக்க முடியாது."

யோகன் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தான். "உண்மை எண்டா முழு உண்மையையும் எழுதச் சொல்லு" என்று என்னிடம் தமிழில் சொன்னான். நான் அதை மொழிபெயர்த்தேன். மார்கரெட் பேனையைக் கீழே வைத்தார். முழு உண்மை என்ன என்று கேட்டார். இருவரும் மாறி மாறிச் சொன்னோம். தேநீர்க்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தத்தையும் யோகன் விடவில்லை. கேட்டு முடித்தபின், தன் தகப்பனும் ஒரு சண்டையில் காணாமல்போய்த் திரும்பி வந்தவர்தான் என்று மட்டும் சொன்னார். எந்தச் சண்டை என்று நாங்கள் கேட்கவில்லை.

றிப்போட்டில் ஒரு வரியை அழிக்க முடியாவிட்டாலும், அதற்குக் கீழே நம்முடைய விளக்கத்தைச் சுருக்கமாகச் சேர்க்கச் சொல்லி எழுதலாம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மார்கரெட் தானே ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தார். எங்கள் நாட்டில் யுத்தம் நடந்தது, நண்பரின் சகோதரர் காணாமல்போனார், அவரைத் தேடி எடுத்த அழைப்புகளின் பில் இது, வீடு மாறியதால் கைக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததும் முழுவதும் கட்டப்பட்டது, சகோதரர் உயிரோடு கிடைத்தார். கடைசி வசனம் வங்கிகளுக்குத் தேவையில்லை என்றார் மார்கரெட். யோகன் அது இருக்கத்தான் வேண்டும் என்று நின்றான். அது இருந்தது.

விளக்கம் சேர்த்தும் அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கூடிய வட்டிக்குத் தனியாரிடம் கடன் ஒழுங்குசெய்து தருகிறேன் என்று தரகர் வந்தார். சாந்தி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். றிப்போட்டில் நல்ல வரிகளும் சேரட்டும் என்று மார்கரெட் சொன்னபடி ஒரு சிறிய கிறெடிட் கார்டு எடுத்து, அரிசியும் பாலும் அதில் வாங்கி, மாதாமாதம் தவறாமல் கட்டினோம். அவசரம் இல்லாததால் அந்த வருடங்கள் நன்றாகவே போயின. மகள் பிறந்தாள். சாந்திக்குப் பேக்கரியில் பகல் வேலை கிடைத்தது. யோகனின் அண்ணை ஒரு பனிக்கால மத்தியானம் விமானத்தால் இறங்கினார். நான் நினைத்ததைவிடக் குள்ளமானவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மட குரல் எனக்குத் தெரியும்" என்றார்.

பில் கட்டிய நாளிலிருந்து ஆறு வருடம் முடிந்து மறுபடி வங்கிக்குப் போனபோது மார்கரெட் வேறு கிளைக்கு மாறிவிட்டார். இளைஞன் ஒருவன் றிப்போட்டைப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றான். வாங்கிப் பார்த்தேன். ரெலிபோன் பில் இல்லை. சகோதரர் உயிரோடு கிடைத்தார் என்ற வசனமும் அதோடு போய்விட்டது. அந்த வசனத்தை மட்டும் விட்டிருக்கலாம் என்று தோன்றியது. சாந்தியிடம் சொன்னேன். "அவர்தான் வாற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறாரே, பிறகென்ன?" என்றாள்.

முதல் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்களுக்கு வேறொரு வீடு அமைந்தது. பால் காய்ச்சிய அன்று யோகனும் அண்ணையும் வந்திருந்தார்கள். அண்ணை எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனி இஞ்சதானோ?" என்று கேட்டார். "இருபத்தைஞ்சு வருசம் கட்டவேணும் அண்ணை, எங்க போறது?" என்றாள் சாந்தி. "ஊரில பிரச்சினை முடிஞ்சா போயிடுவம்" என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அவர்கள் போனபிறகு ஊரிலிருந்து அனுப்பியிருந்த அப்பாவின் படத்தை மாட்ட எடுத்தேன். வாடகை வீட்டுப் பழக்கத்தில் கை ஒட்டுநாடாவைத் தேடிற்று. "எங்கட சுவர்தானே, ஆணியை அடியுங்கோ" என்றாள் சாந்தி. அடித்தேன். பாதிக்குமேல் இறங்கியதும் சுத்தியலை நிறுத்திவிட்டேன். எப்போதாவது கழற்றவேண்டி வந்தால் கழற்றக்கூடிய அளவுக்கு ஆணி வெளியே நிற்கிறது. படம் அதில் ஆடாமல் தொங்குகிறது.